அந்தப் பெரிய மெஷினை வாங்கிவிடாதே

அன்புள்ள நண்பா,

நீ எழுதி மூன்று மாதம் ஆகிறது. பதில் போடாமல் இருந்தது என் தப்புதான். இங்கே எல்லோரும் நலம். வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்ற பேச்சில் மறந்துவிடும்.

விறகு வெட்டவும் தோட்ட வேலைக்கும் நம்பி வாங்குகிற மாதிரி ஒரு செயின் சா, அதாவது மோட்டாரில் ஓடுகிற சங்கிலி ரம்பம், சொல்லச் சொல்லியிருந்தாய். நன்றாக யோசித்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நேற்று நெட்டையன் போன் செய்தான். அவன் பேச்சைக் கேட்டு நீ 70 சிசி மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாயாம். கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன் எழுத. இன்னொரு காரணமும் உண்டு. போன செவ்வாய்க்கிழமை எனக்கு நடந்ததை வீட்டில்கூட இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

காற்றில் சாய்ந்த மரம் ஒன்றின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். இலைக்குள் மறைந்திருந்த வேறொரு கிளையில் பாரின் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டின்) மூக்கு பட்டுவிட்டது. பட்டது தெரிவதற்குள் மெஷின் என் முகத்தை நோக்கி எகிறியது. கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற தடுப்பில் என் இடது மணிக்கட்டு மோதி, பிரேக் விழுந்து, செயின் நின்றது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் நின்ற செயினுக்கும் என் கன்னத்துக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம். மெஷினை அணைத்துக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போது உன் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

பாருடைய மூக்கின் மேல் பாதி இருக்கிறதே, அதுதான் ஆபத்தான இடம். அந்த வளைவில் ஓடுகிற பல் எதிலாவது முட்டிச் சிக்கினால், செயினை ஓட்டுகிற வேகம் முழுவதும் பாரை மேலேயும் பின்னாலேயும் தூக்கி வீசும். கை வலுவை வைத்து அதைப் பிடித்து நிறுத்த நேரமே கிடையாது. மெஷின் பெரிதாக ஆக அந்த வீச்சும் பெரிதாகும்.

சரி, உன் 70 சிசிக்கு வருகிறேன். நெட்டையனுக்கு எதுவுமே பெரிதாக இருக்க வேண்டும், அந்தச் சைக்கிள் காலத்திலிருந்தே அப்படித்தான். அந்த வகை மெஷின் பாரும் செயினும் மாட்டாமலே 6 கிலோவைத் தொடும். அதில் பெட்ரோலும் ஆயிலும் ஊற்றி, நீளமான பாரும் மாட்டிக் குனிந்தபடி ஒரு மணி நேரம் கிளை கழித்துப் பார். தோள் சோர்ந்ததும் மெஷின் தாழும், மூக்கு எதன் மேலாவது போய் முட்டும். நாள் முழுவதும் பெரிய மரங்களைச் சாய்க்கிறவர்களுக்கு அது தேவை. நீ அறுக்கப்போவது பெரும்பாலும் ஓர் அடிக்கு உட்பட்ட கட்டைகள்தானே? அதற்கு 40 முதல் 50 சிசி, 16 அங்குலப் பார் போதும். எப்போதாவது அதைவிடத் தடிமனான கட்டை வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். பார் குட்டையாக இருந்தால் மூக்கு எங்கே இருக்கிறது என்பதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

பெயர் சொல்லாமல் விட்டால் நீ கோபிப்பாய். ஸ்டில் எம்எஸ் 250 என்றால் 45 சிசி, நாலரைக் கிலோ சொச்சம். ஹஸ்க்வர்னா 450 ரான்ச்சர் 50 சிசி, எடை 5 கிலோவை ஒட்டி. எக்கோ சிஎஸ்-400 என்பது 40 சிசி. மூன்றில் எதை எடுத்தாலும் உன் வேலை நடக்கும். இவற்றுக்குள் எது உசத்தி என்று ராத்திரி முழுக்கப் பேசலாம், ஆனால் உனக்கு எந்தக் கம்பெனியின் சர்வீஸ் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் உசத்தி. செயின், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்சுக்குப் பக்கத்தில் இருக்கிற பல்சக்கரம், இந்த ஐந்தும் கேட்டவுடன் கிடைக்குமா என்று வாங்குவதற்கு முன்பே போய்க் கேள். நான் முதலில் வாங்கியது பெயரே கேள்விப்படாத ஒரு மெஷின். அட்டைப்பெட்டியில் சிசியைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எட்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஆயில் பம்ப் போனது. அந்தச் சின்னச் சாமானுக்காக நான்கு மாதம் அலைந்து, கிடைக்காமல் தூக்கி மூலையில் போட்டேன். இன்றைக்கும் அதன் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், பிரயோஜனம் இல்லை. பெரிய பெயர்களிலேயே போலியும் உண்டு, அதனால் அந்தக் கம்பெனியே அனுமதித்த விற்பனையாளரிடம் மட்டும் வாங்கு.

சிசியை மட்டும் வைத்து மெஷினை எடைபோடாதே என்பதற்கு ஓர் உதாரணம். ஸ்டில் எம்எஸ் 271, எம்எஸ் 261 இரண்டுமே 50.2 சிசிதான். முதலாவது 2.6 கிலோவாட், 5.6 கிலோ. இரண்டாவது 3 கிலோவாட், ஏறக்குறைய 5 கிலோ. 261 தொழில்முறை ஆட்களுக்காகச் செய்தது, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் மக்னீசியம், அதனால் பலமும் கூடுதல், எடையும் குறைவு, விலையும் ஏறிப்போகும். வருஷத்துக்கு ஒரு சில வண்டி விறகு என்றால் அந்த அளவுக்குப் போகவேண்டாம். தினமும் மெஷினோடு வாழப்போகிறாய் என்றால் மட்டும் யோசி.

பேட்டரி மெஷினைப் பற்றியும் கேட்டிருந்தாய். உண்மையிலேயே நல்ல சாமான். கயிறு இழுக்க வேண்டாம், புகை இல்லை, ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் எடுத்ததும் ஓடும். கிளை கழிப்பதும் கொஞ்சம் விறகும்தான் வேலை என்றால் தாராளமாக வாங்கலாம். பெரிய குவியலை ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று பேட்டரி வேண்டியிருக்கும். சத்தம் குறைவாக இருப்பதால் அது அமைதியான சாமான் என்று தோன்றிவிடும், அங்கேதான் கவனம் வேண்டும். செயினைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிடு.

பெட்ரோல் மெஷின் "நம்ப முடியாதது" ஆவதற்குப் பாதிக் காரணம் பழைய பெட்ரோல். 5 லிட்டருக்கு 100 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், அதாவது ஐம்பதுக்கு ஒன்று. கலந்தால் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கிற ரப்பரையும் கெடுக்கும். நீண்ட நாள் எடுத்து வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வை. இதைச் செய்யாமல் "மெஷின் சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுகிற எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்!

இப்போது எனக்குப் பிடித்த விஷயம். பொறுமையாகப் படி. மெஷினைவிட முக்கியம் செயின். மழுங்கிய செயினோடு 70 சிசி படுகிற பாட்டைவிட, தீட்டிய செயினோடு 40 சிசி சுலபமாக அறுத்துவிடும். முன்காலத்துச் செயின்களில் பல் சாதாரண ரம்பப் பல் மாதிரிதான் இருந்தது, மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மழுங்கும். 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் பகுதியில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர் ஓர் அடிமரத்தில் வண்டுப் புழு ஒன்றைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் அளவுதான், ஆனால் மரத்தின் நாரோடும் நாருக்குக் குறுக்கேயும் தயக்கமில்லாமல் குடைந்துகொண்டு போகிறது. அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டுவதைக் கவனித்து, அதே வடிவத்தை இரும்பில் செய்தார். அடுத்த வருஷமே விற்பனைக்கு வந்துவிட்டது. இன்றைக்கு உன் கையில் வரப்போகிற செயினிலும் பல் ஒன்று இடம், ஒன்று வலம் என்று நிற்பது அந்தப் புழுவின் தாடைதான். ஒவ்வொரு முறை தீட்ட உட்காரும்போதும் எனக்கு இது ஞாபகம் வரும். ஒரு புழுவை அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்த மனுஷன்!

தீட்டுவதற்கு உருட்டு அரம் வேண்டும். செயினுக்குத் தகுந்த அளவு இருக்கிறது. .325 செயின் (கண்ணிகளின் இடைவெளியை அங்குலத்தில் சொல்கிற எண் இது) என்றால் 4.8 மில்லிமீட்டர், சின்ன மெஷின்களில் வரும் தாழ்ந்த 3/8 செயின் என்றால் 4 மில்லிமீட்டர். பெரும்பாலான செயினில் பல்லின் மேலேயே ஒரு கோடு போட்டிருக்கும், அரத்தை அந்தச் சாய்வில் பிடித்து முன்னோக்கி மட்டும் தள்ளு. இழுக்காதே, அரம்தான் வீணாகும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. நான் மூன்று தள்ளு வைத்துக்கொள்வேன். ஒரு பக்கம் அதிகமாகத் தீட்டிவிட்டால் வெட்டு வளைந்து போகும். மழுங்கியதா என்று மெஷினே சொல்லும். சீவல் சீவலாக விழுந்தால் பல் நன்றாக இருக்கிறது. மாவு மாதிரித் தூள் பறந்தாலோ, நீ மெஷினை அழுத்த வேண்டியிருந்தாலோ, நிறுத்திவிட்டுத் தீட்டு. டேங்க் பெட்ரோல் தீரும்போதெல்லாம், செயின் வழுக்கி ஓட வைக்கிற பார் ஆயிலும் ஊற்று. வெளிறிய கட்டை ஒன்றுக்கு நேராக மூக்கைப் பிடித்து ஓட்டினால் ஆயில் தெறித்த கோடு விழ வேண்டும்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம். முன்னால் இருக்கிற அந்தத் தடுப்பு வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது, கழற்றிவிடலாம் என்று நெட்டையன் உன்னிடம் சொன்னானாம். போனில் அதையும் என்னிடமே சொல்கிறான்! டேய், செவ்வாய்க்கிழமை என் மெஷினில் அது இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். தயவுசெய்து அதில் கை வைக்காதே. தினமும் வேலை தொடங்கும் முன் பிரேக்கைப் போட்டு, செயின் நிற்கிறதா என்று பார். இடது கைக் கட்டைவிரலைக் கைப்பிடிக்குக் கீழே சுற்றிப் பிடி. தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதே. ஏணியில் ஏறி அறுக்கவே அறுக்காதே. வளைந்து இறுகிக் கிடக்கும் கிளையில் கை வைக்கும் முன் அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று நின்று பார். காலுக்கு, செயின் சா ஓட்டுகிறவர்களுக்கென்றே செய்கிற உறை இருக்கிறது, பல் பட்டதும் அதன் நார் இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் பிடித்தாவது அதை வாங்கு. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. தனியாக இருக்கும்போது ஓட்டாதே. நீ பிடிவாதக்காரன், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பாய். நானும் செவ்வாய்க்கிழமை காலை அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன்.

நெட்டையன் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நாளைக்கு அவனுக்கும் போன் செய்து இதையெல்லாம் சொல்லத்தான் போகிறேன். அவன் மெஷினில் தடுப்பு இருக்கிறதா என்று நீயும் ஒருமுறை பார்த்துவிடு.

மெஷின் வாங்கும் முன் எனக்கு மூன்று விவரம் அனுப்பு: நீ அறுக்கப்போகிற கட்டைகளில் ஆகத் தடிமனானது எத்தனை அங்குலம், அது காய்ந்ததா பச்சையா, பக்கத்தில் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் இருக்கிறது. இந்தத் தடவை மூன்று மாதம் ஆகாது, அன்றைக்கே பதில் போடுவேன். அடுத்த மாதம் அங்கே வருகிறேன். அரம் இரண்டு அளவிலும் கொண்டுவருகிறேன். மெஷினை நிறுத்திப் பிடிக்க ஒரு பழைய அடிக்கட்டையை மட்டும் விறகாக்காமல் எடுத்து வை, அதன் மேல் வைத்து முதல் செயினை இரண்டு பேருமாகத் தீட்டலாம்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்