தென்னை மரம் 30 மீட்டரா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் ஆசிரியர்தான், ஆனால் சாக்பீஸ் பிடிக்கிற வகை. தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். இதைப் பணியில் இருக்கும்போதே எழுதியிருக்கலாம், எழுதியிருந்தால் 17பி என்கிற ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வந்திருக்கும், அதனால் இப்போது எழுதுகிறேன்.

கணக்கைச் செயல்பாடுகள் மூலம் சுவையாகச் சொல்லித்தர வேண்டும் என்று யாராவது ஒருவர் மேடையிலோ பத்திரிகையிலோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் சொல்கிறவர்களில் பலர் அதை மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிற வேலையாகத்தான் நினைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். பிள்ளை சிரிக்க வேண்டும், கை தட்ட வேண்டும், போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும், முடிந்தது. நான் பார்த்த வரையில் செயல்பாட்டின் பயன் வேறு. நோட்டில் போட்ட கணக்கு தப்பு என்றால் அதை வாத்தியார்தான் சொல்ல வேண்டும். வெளியே போய்ப் போட்ட கணக்கு தப்பு என்றால் அது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் பாடத்தில் உயரங்களும் தூரங்களும் என்று ஒரு பகுதி. கோபுரம், கலங்கரை விளக்கம், விமானம், படகு என்று எல்லாம் வரும், எல்லாமே காகிதத்தில். எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு தென்னை இருந்தது. ஒரு பாகைமானி, தீர்ந்துபோன பேனாவின் குழாய், ஒரு முழம் நூல், சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய ஒரு நட்டு, இவ்வளவுதான் கருவி. பாகைமானியின் நேர்விளிம்பில் குழாயை ஒட்டி, நடுப்புள்ளியில் நூலைக் கட்டி நட்டைத் தொங்கவிட்டால் கோணம் பார்க்கலாம். மரத்தடியிலிருந்து 20 மீட்டர் அளந்து நின்று, மட்டை பிரிகிற இடத்தைக் குழாய் வழியாகப் பார்க்கச் சொன்னேன்.

ஒரு குழுவுக்கு 28.6, கிட்டத்தட்ட 30 மீட்டர் வந்தது. நோட்டில் வந்திருந்தால் விடையின் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள். இங்கே மரம் எதிரே நிற்கிறது, இரண்டு மாடிப் பள்ளிக் கட்டடம் பக்கத்தில் நிற்கிறது, மரம் கட்டடத்தைப் போல நாலு மடங்கா இருக்கிறது? அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நூல் காட்டிய 55-ஐ அப்படியே ஏற்றக்கோணம், அதாவது கிடைமட்டத்திலிருந்து பார்வை மேலே ஏறுகிற கோணம், என்று எடுத்திருக்கிறார்கள். குழாய் தரைக்கு இணையாக இருக்கும்போதே நூல் 90-ல்தானே நிற்கும், 90-லிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதல்லவா கோணம்! 35 பாகை என்று திருத்தினார்கள், தூரத்தைக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கினால் உயரம், டேன் 35 என்பது 0.7002, மரம் 14 மீட்டர் ஆனது. அதிலும் கண் மட்டத்து உயரத்தைக் கூட்டவில்லை. தரையில் படுத்துக்கொண்டா பார்த்தீர்கள் என்று கேட்டேன், 1.4 மீட்டரைச் சேர்த்து 15.4 என்றார்கள். இன்னொரு குழு 37 பாகை என்று படித்து 16.5 என்றது. தேங்காய் பறிக்க வந்தவரிடம் நைலான் கயிற்றின் நுனியைக் கொடுத்து மேலே கொண்டுபோகச் சொன்னோம், கீழே இறக்கி அளந்தால் 15.6 மீட்டர். அவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “இதுக்கு என்னையே முதல்ல கேட்டிருக்கலாமே சார்?”

கதை அத்தோடு முடியவில்லை. இரண்டு பாகைக்கு ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வருகிறதே என்று பிள்ளைகளுக்குக் குறை. கிட்டே போனால் சரியாக வரும் என்றான் ஒருவன். 5 மீட்டரில் நின்று பார்த்தார்கள். அங்கே கோணம் 70 பாகையைத் தொடுகிறது, இரண்டு பாகை தவறினால் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகிறது, இன்னும் மோசம். தூரமாகப் போனால்? 40 மீட்டரிலும் அதே கதி. அப்போது ஒரு மாணவி சொன்னாள், “45-ல நின்னா டேன் ஒண்ணுதானே சார், டேபிளே வேண்டாமே, மரத்துலேர்ந்து நடந்த தூரம்தான் உயரம்.” அவள் சொன்னது சௌகரியத்துக்காக. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் கோணத்தைப் படிப்பதில் வரும் பிழை உயரத்தை மிகக் குறைவாகக் கெடுப்பதும் அந்த 45-க்குப் பக்கத்தில்தான். நான் அதை நடத்தவில்லை, அது பத்தாம் வகுப்புப் புத்தகத்திலும் இல்லை, மரத்தடியில் கிடைத்தது.

இதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்பீர்கள். நாற்பது நிமிட பீரியடில் மூன்று. செலவு, நைலான் கயிறு மட்டும்.

பிள்ளைகள் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, “இந்த சைன், காஸ் எல்லாம் எதுக்கு சார்?” தஞ்சாவூர்க்காரனுக்கு இதற்குப் பதில் சொல்ல வெளியே போக வேண்டாம். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்கிற பிரிட்டிஷ் நில அளவையாளர் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார், அதன் பிறகு முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகக் கோணங்களை அளந்தே இந்தியாவை வடக்கு நோக்கி அளந்துகொண்டு போனார்கள். 1808-ல் அரை டன் எடையுள்ள அந்தக் கோணம் அளக்கும் கருவியை நம் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப்போனது. மனிதர் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டிச் சரி செய்தார். இதைச் சொன்ன நாளில் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது. நட்டு கட்டிய நம் பாகைமானிக்கும் அந்த அரை டன் கருவிக்கும் வேலை ஒன்றுதான்.

முக்கோணவியலை ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பிக்கும்போது எனக்குப் பிடித்த செயல்பாடு இதைவிடச் சின்னது. நாற்பது பிள்ளைகளையும் ஆளுக்கொரு செங்கோண முக்கோணம் வரையச் சொல்வேன், ஒரு கோணம் 35 பாகை இருக்க வேண்டும், அளவு அவரவர் இஷ்டம். ஒருத்தி தீப்பெட்டி அளவுக்கு வரைவாள், ஒருவன் வீம்புக்கு நோட்டு முழுக்க வரைவான். அந்தக் கோணத்தின் எதிர்ப்பக்கத்தை, மூன்றிலும் நீளமான பக்கமான கர்ணத்தால் வகுத்து விடையைப் பலகையில் வரிசையாக எழுத வேண்டும். 0.57, 0.58, 0.56, 0.57... பத்துப் பேர் எழுதுவதற்குள் வகுப்பு அமைதியாகிவிடும். நாற்பது முக்கோணம், ஒரே எண் எப்படி? அந்த எண்ணுக்குத்தான் சைன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு சொன்னால் போதும். ஒருமுறை ஒருவன் மட்டும் 0.82 என்று எழுதினான், எல்லோரும் சிரித்தார்கள். அவன் அடுத்துள்ள பக்கத்தை வகுத்திருந்தான். அவனை முன்னால் கூப்பிட்டு, இவன்தான் இன்று காஸ் கண்டுபிடித்தவன் என்றேன், சிரித்தவர்கள் எல்லோரும் தங்கள் முக்கோணத்தில் அதையும் வகுத்துப் பார்த்தார்கள்.

ஆரியபட்டர் இதே வேலையை மூன்றே முக்கால் பாகைக்கு ஒன்றாக 24 மதிப்புகள் கணக்கிட்டு வைத்தார். அதற்கு வைத்த பெயர் ஜ்யா, வில்லின் நாண். நம் பாடப்புத்தகத்தில் வட்டத்துக்கு நாண் என்று படிக்கிறோமே, அதே நாண்தான், அதில் பாதி. ஜ்யா அரபுக்குப் போய், அங்கே உச்சரிப்பு குழம்பி, லத்தீனில் வேறு அர்த்தத்தில் சைனஸ் ஆகி, இங்கே சைனாகத் திரும்பி வந்திருக்கிறது. வெளிநாடு போய் வந்த நம்மூர்க்காரர் மாதிரி.

இயற்கணிதத்துக்கு வருகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் எங்கள் வகுப்பின் சொத்து. ஒரு பெரிய சதுரம் எக்ஸ் ஸ்கொயர், அதே நீளத்துக்கு ஒரு பட்டை எக்ஸ், சின்னச் சதுரத்தின் மதிப்பு 1. ஒரு பெரிய சதுரம், ஐந்து பட்டை, ஆறு சின்னச் சதுரம், இவற்றை இடைவெளி இல்லாத செவ்வகமாக அடுக்கு என்றால் எக்ஸ் கூட்டல் 2, எக்ஸ் கூட்டல் 3 என்று பக்கங்கள் தாமாக வந்து நிற்கும். காரணிப்படுத்துதல் என்றால் இவ்வளவுதானா என்பார்கள். ஆறுக்குப் பதில் ஏழு சின்னச் சதுரம் கொடுத்தால் எப்படி அடுக்கினாலும் ஒன்றாவது மிஞ்சும். ஒரு பீரியடு முழுக்கப் போராடிவிட்டு “இது ஆகாது சார்” என்று வந்து சொல்வார்கள், அதுவும் விடைதானே. ஒரு சூட்சுமம் மட்டும்: எக்ஸ் பட்டையின் நீளம் சின்னச் சதுரத்தின் சரியான மடங்காக இருக்கக் கூடாது. இருந்தால் வைத்து அளந்துவிட்டு எக்ஸ் என்றால் 5 என்று முடித்துவிடுவார்கள். நான் முதல் வருடம் அந்தத் தப்பைச் செய்தேன். அப்புறம், கழித்தல் குறி வந்தால் அட்டை வேலை சிக்கலாகிவிடும். சிவப்பு அட்டை, கறுப்பு அட்டை என்று முயற்சி செய்து பார்த்து, குழப்பம் கூடியதுதான் மிச்சம், விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் செயல்பாடாகச் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கபடிக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளால் மைதானத்தில் இரண்டு அச்சுகள் போட்டு, ஏழு பிள்ளைகளை மைனஸ் 3 முதல் 3 வரை நிறுத்தி, உன் எண்ணை வர்க்கமாக்கி 4 கழித்து அத்தனை அடி முன்னேயோ பின்னேயோ போ என்று சொல்லிப் பாருங்கள். பரவளையம் என்கிற கிண்ண வடிவ வளைவு தானாக நிற்கும். அச்சின் மேல் நிற்கிற இரண்டு பேர்தான் எக்ஸ் ஸ்கொயர் கழித்தல் 4 சமம் 0 என்கிற சமன்பாட்டின் தீர்வுகள். 4-ஐக் கழிப்பதற்குப் பதில் 1-ஐக் கூட்டச் சொன்னால் எல்லோரும் முன்னே போய்விடுவார்கள், அச்சில் யாரும் இருக்க மாட்டார்கள், மெய்யான தீர்வு இல்லை. பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கிற தீர்வுகளின் தன்மை கேள்வி இதேதான். நாட்காட்டி விளையாட்டு இன்னும் எளிது. எந்த மாதத்திலும் நாலு தேதிகள் அடங்கிய ஒரு கட்டத்தை எடுத்து மூலைக்கு மூலை பெருக்கிக் கழித்தால் 7 வரும். ஏன் எப்போதும் 7 என்று கேட்டால், முதல் தேதியை எக்ஸ் என்று வைக்காமல் தப்பிக்க வழியில்லை. சென்னையில் பி.கே. சீனிவாசன் என்கிற கணக்கு ஆசிரியர் இந்த மாதிரி கைவேலைக் கணக்கை ஆயுள் முழுக்கப் பரப்பினார், ராயபுரத்தில் ராமானுஜன் பெயரில் அருங்காட்சியகம் அமைத்தவரும் அவர்தான். பி.எட். முடித்து வருகிற இளம் ஆசிரியர்களில் அவர் பெயர் தெரிந்தவர்களை நான் அதிகம் சந்திக்கவில்லை.

சரி, இவ்வளவு எளிது என்றால் ஏன் நடப்பதில்லை?

செயல்வழிக் கற்றல் நமக்குப் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் போனது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகளுக்குக் கையும் காலும் இல்லாமல் போய்விடுகிறதா? பாடப்புத்தகத்தில் செயல்பாடு என்று கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், கணினியில் செய்ய ஜியோஜீப்ரா என்கிற கணித மென்பொருளில் பயிற்சிகூட இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டங்களிலிருந்து கேள்வி வராது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நான் இருந்த ஒரு பள்ளியில் கணித உபகரணப் பெட்டி பீரோவில் பூட்டியே இருந்தது, தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று. ஆய்வுக்கு வருகிற அன்று மட்டும் வெளியே வந்து மேஜை மேல் உட்காரும்.

நிஜமான காரணம் மதிப்பெண் கணக்கு. ஒரு மார்க் கேள்விகளுக்கு 14, வரைபடம் 8, செய்முறை வடிவியல் 8, ஆக 30. இன்னும் ஐந்து எங்கேயாவது பொறுக்கினால் 35, பாஸ். மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு டிசம்பருக்கு அப்புறம் நாங்கள் நடத்துகிற பாடத்திட்டம் இதுதான். ஐந்து மார்க் பகுதியில் பதினாலில் பத்து எழுதினால் போதும் என்பதால் உயரங்களும் தூரங்களும் சாய்ஸில் போய்விடும். நானும் அப்படித்தான் நடத்தினேன், யாரையும் குறை சொல்லவில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி கேட்கிறவர்களிடம் தென்னை மரத்தைக் காட்ட முடியாது.

அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு மாதிரி கணக்குக்கும் 25 மதிப்பெண் ஒதுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பள்ளிக்குள்ளே போடுகிற மார்க் எல்லோருக்கும் முழு மார்க் ஆகிவிடும், செயல்பாடு ரெக்கார்டு நோட்டு ஆகிவிடும், ரெக்கார்டு நோட்டை அக்கா எழுதிக் கொடுப்பாள். ஸ்மார்ட் போர்டிலும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆசிரியர் விரலால் இழுக்க நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் சினிமா.

நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, உயர்நிலை வகுப்புகளின் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒருமுறை கணக்குக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு பீரியடு. இரண்டு, பொதுத்தேர்வில் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி, சாய்ஸ் இல்லாமல், வெளியே போய் அளந்தவன் மட்டும் பதறாமல் எழுதக்கூடிய மாதிரி. கேள்வியை நானே எழுதித் தருகிறேன்:

“ஒரு மரத்தடியிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் ஒரே இடத்தில் நின்று, மர உச்சியின் ஏற்றக்கோணத்தை ஒரு மாணவி 70 பாகை என்றும் இன்னொரு மாணவி 72 பாகை என்றும் அளந்தனர். இருவருக்கும் கண் மட்டம் 1.4 மீட்டர். இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? அதைக் குறைக்க நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள், ஏன்?”

முதல் பாதிக்கு விடை சுமார் 1.65 மீட்டர், கண் மட்டம் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும். இரண்டாவது பாதிக்கு அடுத்த வருடமே கைடில் விடை அச்சாகிவிடும் என்பது எனக்கும் தெரியும். அப்போது 5 மீட்டரை மாற்றி, மரத்தை மாற்றி, கண் மட்டத்தை மாற்றி வேறு கேள்வி எழுதித் தருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.