வைத்தியத்தில் தொடங்கும் விபரீதம்

ஆசிரியருக்கு,

வணக்கம். கனடா இயக்குநர் டேவிட் குரோனன்பர்க் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவருடைய படங்களை ‘அருவருப்புக் கலை’ என்று ஒரே வரியில் அடக்கிவிட்டது. நான் சேலத்தில் அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ரத்தமும் சீழும் பழகிப்போனதாலோ என்னவோ, அந்தப் படங்களில் என் கண்ணில் பட்டது வேறு.

அவர் படங்களில் பேய்க்குப் பெரும்பாலும் வேலையில்லை. அந்த இடத்தில் டாக்டர் வருகிறார். ‘ஷிவர்ஸ்’ (1975) படத்தில், பழுதான உறுப்புக்கு மாற்று என்று சொல்லி ஒட்டுண்ணி வளர்க்கிறார் ஒரு டாக்டர். அது அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கப் பரவுகிறது. ‘ரேபிட்’ (1977) படத்தில், விபத்தில் சிக்கிய பெண்ணுக்குப் புதுமுறையில் தோல் ஒட்ட, அக்குளில் ரத்தம் உறிஞ்சும் கொடுக்கு முளைக்கிறது. ‘ஸ்கேனர்ஸ்’ (1981) கதையில் எல்லாக் கேடும் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த மருந்தால் வருகிறது. ‘டெட் ரிங்கர்ஸ்’ (1988) படத்தின் நாயகர்களே இரட்டைப் பிறவிகளான பெண்நோய் மருத்துவர்கள். அதில் ஒருவர் செய்துவாங்கும் கருவிகளைப் பார்த்து எனக்கே வயிற்றைக் கலக்கியது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும் பக்கவிளைவுகளை, ஒருவர் பொறுமையாக விரித்துப் படமாக்கியது போலிருக்கிறது.

இன்னொன்றையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். இந்த நோயாளிகள் தம் உடம்பை வேடிக்கை பார்க்கிறார்கள். ‘தி ஃப்ளை’ (1986) படத்தில் ஈயோடு கலந்துபோன விஞ்ஞானி, தன் உடம்பிலிருந்து உதிர்ந்தவற்றைக் குளியலறை அலமாரியில் சேர்த்து வைத்து, அதை அருங்காட்சியகம் என்கிறான். மிகையாகத் தோன்றலாம். பித்தப்பைக் கல்லைச் சின்ன டப்பாவில் கேட்டு வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, பார்க்க வந்த உறவுக்காரர்களிடமெல்லாம் குலுக்கிக் காட்டியவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அதில் பயமும் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு. குரோனன்பர்க் பிடித்திருப்பது அந்தக் கலவையைத்தான். அதே படத்தில் காது கழன்று விழுந்து அவன் திகைத்து நிற்கும்போது, காதலி விலகி ஓடாமல் அவனைக் கட்டிக்கொள்கிறாள். அன்றைக்குப் பலரும் எய்ட்ஸ் நோயைச் சொல்லும் படம் என்றார்கள். இயக்குநரோ பொதுவாக நோயையும் முதுமையையும் மனத்தில் வைத்ததாகச் சொன்னார். படுக்கையில் கிடப்பவருக்குப் பக்கத்தில் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ‘தி புரூட்’ (1979) சொந்த மணமுறிவின் சூட்டில் எடுத்த படம். தாயின் கோபம் குட்டி அரக்கர்களாகப் பிறக்கிறது என்பது நல்ல கற்பனைதான், ஆனால் அந்தத் தாயின் பக்கம் யாரும் பேசுவதில்லை.

2005க்குப் பிறகு அவர் உடம்பை விட்டுவிட்டார் என்று கட்டுரை சொல்வதையும் ஏற்க முடியாது. ‘ஈஸ்டர்ன் பிராமிசஸ்’ (2007) படத்தில் ரஷ்யக் குற்றவாளியின் வாழ்க்கை வரலாறு தோலில் பச்சையாகக் குத்தப்பட்டிருக்கிறதே! 2022இல் வந்த படத்தில் மனிதருக்குப் புதுப்புது உறுப்புகள் முளைக்கின்றன. மனைவி இறந்தபின் எடுத்த ‘தி ஷ்ரவுட்ஸ்’ (2024) கல்லறைக்குள் உடல் சிதைவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் கணவனின் கதை.

உடம்பு உருமாறுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. எங்கள் கஞ்சமலையில், கருங்குச்சியால் கிளறிய சோற்றைத் தின்று கிழவர் இளைஞரான கதையை அமாவாசைக்குச் சித்தர் கோயில் போகிறவர்கள் இன்றும் சொல்வார்கள். நாம் வரமாகக் கேட்டதைக் குரோனன்பர்க் வியாதியாகப் பார்க்கிறார்.

புதியவர்கள் ‘ஸ்கேனர்ஸ்’ படத்திலிருந்து தொடங்கலாம் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். தலை வெடிக்கும் அந்த ஒரு காட்சியோடு பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். ‘தி ஃப்ளை’ பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்து.

ஓய்வுபெற்ற செவிலியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.