சுவரில் வண்ணம் ஏறும் முன்: ஒரு ஸ்கோரரின் திறந்த மடல்

ஏற்காடு அடிவாரத்தில் ஆண்டுதோறும் கோடைக் கிரிக்கெட் போட்டி நடத்தும் விழாக் குழுவினருக்கு,

வணக்கம். மைதானத்துச் சுற்றுச்சுவரில் உலகின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த பதினொருவரை வரையப் போகிறீர்கள் என்பதை, வெள்ளையடித்துக் காய்ந்துகொண்டிருக்கும் அந்தச் சுவரைப் பார்த்து விசாரித்தபோதுதான் அறிந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே மைதானத்தில் ஸ்கோர் எழுதி வருபவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். ஓவியம் வரையட்டும், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் டெஸ்ட், ஒருநாள், டி20 என்ற மூன்று வடிவச் சர்வதேசப் போட்டிகளிலும் எடுத்த ரன்களைக் கூட்டி, கூட்டுத்தொகை மிகுந்த ஏழு பேட்ஸ்மேன்களை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சமுள்ள நான்கு இடங்களை ஒரு விக்கெட் கீப்பருக்கும் மூன்று பந்துவீச்சாளர்களுக்கும் ஒதுக்குவது என்று நீங்கள் வகுத்திருக்கும் விதியை வண்ணம் ஏறுவதற்குள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் விதிப்படி ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் டான் பிராட்மனுக்குச் சுவரில் இடமில்லை. அவர் ஆடியது 52 டெஸ்ட், எடுத்தது 6,996 ரன், சதங்கள் 29. 1948-ல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸ் ஆட வந்தபோது நான்கே ரன் எடுத்திருந்தால் சராசரி, அதாவது மொத்த ரன்னை ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுத்த கணக்கு, நூறைத் தொட்டிருக்கும். இங்கிலாந்தின் எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் பூஜ்யத்துக்கு போல்டானதால் அது 99.94-இல் நின்றுவிட்டது. சர்வதேச ஒருநாள் போட்டி 1971-ல்தான் பிறந்தது என்பதால் கூட்டிக்கொள்ள அவருக்கு வேறு கணக்கே கிடையாது. நம் திலீப் வெங்சர்க்காரோ 116 டெஸ்ட்டில் 6,868 ரன்னும் ஒருநாள் போட்டிகளில் 3,508 ரன்னும் எடுத்தவர். ஆக, உங்கள் பட்டியலில் அவர் பிராட்மனைவிட மூவாயிரம் ரன்னுக்கும் மேல் முன்னால் நிற்கிறார். லார்ட்ஸில் மூன்று டெஸ்ட் சதம் அடித்த வெங்சர்க்காரை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்தப் பட்டியலைப் பார்த்தால் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

அப்படியானால் சராசரியை வைத்துக்கொள்வோம் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. இருபது டெஸ்ட்டாவது ஆடியிருக்க வேண்டும் என்று கோடு போட்டால், 61.87 சராசரியோடு ஆடம் வோஜஸ் என்ற ஆஸ்திரேலியர், பழைய ஜாம்பவான்களான சோபர்ஸ், ஹெட்லி, கிரேம் பொல்லாக் மூவருக்கும் மேலே போய் உட்கார்ந்துகொள்வார். மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக மட்டும் அவருடைய சராசரி 542. நான்கு இன்னிங்ஸில் ஒரே ஒரு முறைதான் ஆட்டமிழந்தார் என்பதும், அது வேகப்பந்து வீச்சாளர்கள் ராபர்ட்ஸும் மார்ஷலும் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகான மேற்கிந்திய அணி என்பதும் அந்த எண்ணைப் பார்த்தால் தெரியாது.

பைபாஸில் ஓட்டிய கிலோமீட்டரையும், அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஓட்டிய கிலோமீட்டரையும் ஒன்றாகக் கூட்டி, எந்த ஓட்டுநர் சிறந்தவர் என்று நம் ஊரில் எவரும் முடிவு கட்டமாட்டார்கள். ரன்னும் அப்படித்தான். எங்கே, யார் பந்து வீச, எந்தப் பிட்சில் என்று கேட்காமல் அதை எண்ணக் கூடாது.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டாம், சேப்பாக்கமே போதும். 1975 பொங்கல் சமயத்தில், சிறுவனாக ஒரு டீக்கடை வானொலியின் அருகே நின்று நான் கேட்ட ஆட்டத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். இந்தியா 190 ரன்னுக்குச் சுருண்டது. அதில் 97 ரன் குண்டப்பா விஸ்வநாத்துடையது. மறுமுனையில் துணைக்கு ஆளில்லாமல் போனதால் சதத்துக்கு மூன்று ரன் குறைவாக, ஆட்டமிழக்காமல் திரும்பினார். அந்த டெஸ்ட்டை இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் வென்றது. 1983 டிசம்பரில் அதே மைதானத்தில், ரன் கணக்கு தொடங்கும் முன்பே இரண்டு விக்கெட் விழுந்த நிலையில் நான்காவதாக இறங்கிய கவாஸ்கர், மார்ஷலையும் ஹோல்டிங்கையும் எதிர்த்து ஆட்டமிழக்காமல் 236 எடுத்து, பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டினார். 2016-ல் அங்கேயே இங்கிலாந்துக்கு எதிராகக் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 எடுத்தார், இந்தியா 7 விக்கெட்டுக்கு 759. எண்ணை மட்டும் பார்த்தால் 303 முதலிலும் 97 கடைசியிலும் வரும். என் வரிசை இதற்கு நேர் எதிர். கருண் நாயர் மீது எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. முச்சதம் அடித்தவர் ஆறு டெஸ்ட்டோடு எட்டு ஆண்டுகள் வெளியே இருக்க நேர்ந்தது தனியாக எழுத வேண்டிய கதை.

என்னுடைய ஸ்கோர் புத்தகத்திலிருந்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதப் பிற்பகலில், மலையிலிருந்து இறங்கிய மழை நின்ற பிறகு, பிட்சின் மேல் விரித்திருந்த, ஈரம் குடித்துக் கனத்துப்போன மேட்டை (விரிப்பை) மறுபடி இழுத்து ஆணியடித்து ஆட்டத்தைத் தொடர்ந்தோம். பந்து வழக்கமாகக் குத்தும் குட் லென்த் இடத்தில் உள்ளங்கை அளவு கிழிசல். அதில் பட்ட பந்து ஒன்று முழங்காலுக்குக் கீழே தவழும், அடுத்தது தாடைக்கு எழும்பும். ஹெல்மெட் இல்லாத ஒரு பையன் அதில் 38 ரன் எடுத்தான். மறுவாரம் காய்ந்த மேட்டில் வேறொருவர் 112 எடுத்தார். அந்த 38-ஐச் சுற்றி அன்று சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டு, ஓரத்தில் 'ஈர மேட், கிழிசல்' என்று எழுதிவைத்தேன். 112-க்கு அப்படி எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆகவே, ஒருவரை அவர் காலத்தவரோடு நிறுத்திப் பாருங்கள் என்பதே என் கோரிக்கை. மழைக்குத் திறந்து கிடந்த பிட்சுகளின் அந்தக் காலத்தில் சட்கிளிஃபின் சராசரி 60.73, ஹெட்லி 60.83, ஹாமண்ட் 58.45, அவர்களெல்லாம் அறுபதை ஒட்டி நிற்க, ஒருவர் மட்டும் நூறை ஒட்டி நிற்கிறார். பிராட்மன் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் மட்டுமே டெஸ்ட் ஆடினார், நம் சுழல் மண்ணை மிதித்ததில்லை என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அவருக்கும் அடுத்தவர்களுக்கும் இடையே உள்ள நாற்பது ரன் இடைவெளியை அந்த ஆட்சேபம் அடைத்துவிடாது. சச்சினைப் பற்றி உங்களில் எவரும் கவலைப்பட வேண்டாம். 24 ஆண்டுகள், 200 டெஸ்ட், 15,921 ரன் என்று எந்த அளவுகோலை எடுத்தாலும் அவர் உள்ளே இருப்பார்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. டெஸ்ட்டை வெல்ல இருபது விக்கெட் எடுத்தாக வேண்டும், நீங்களோ மூன்று பந்துவீச்சாளர்களோடு நிறுத்திக்கொண்டீர்கள். 1997-ல் கொழும்பில் இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ரன் குவித்தது, ஜெயசூர்யா மட்டும் 340. ஆட்டம் டிராவில் முடிந்தது. மேலே சொன்ன 759 ரன் ஆட்டத்தையும் கடைசியில் முடித்துத் தந்தவை ஜடேஜா எடுத்த ஏழு விக்கெட்டுகள்தாம். என்னைக் கேட்டால் வரலாற்றின் மிகச் சிறந்த அணி எண்பதுகளின் மேற்கிந்தியத் தீவுகள். 1980-ல் நியூசிலாந்தில் தோற்றதற்குப் பிறகு 1995-ல் ஆஸ்திரேலியாவிடம் தோற்கும் வரை அது ஒரு டெஸ்ட் தொடரையும் இழக்கவில்லை. அவர்களுக்கு ஈடாகச் சொல்லப்படும், தொடர்ந்து 16 டெஸ்ட் வென்று வந்த ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலியாவை 2001-ல் லட்சுமணும் திராவிடும் கொல்கத்தாவில் தடுத்து நிறுத்தினார்கள், அந்தத் தொடரும் ஆஸ்திரேலியாவின் கைவிட்டுப் போனது. மேற்கிந்தியர்களிடம் ரிச்சர்ட்ஸும் கிரீனிட்ஜும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் என்று நாள் முழுவதும் ஓடி வந்த நான்கு வேகப்பந்து வீச்சாளர்களே அந்தப் பதினைந்து ஆண்டுகளைக் காத்தார்கள். பிரிஸ்பேனில் 2021-ல் இந்தியாவுக்காகப் பந்து வீசிய சின்னப்பம்பட்டி நடராஜனின் மாவட்டத்தில், பந்துவீச்சாளருக்கு மிச்சம் மீதி இடத்தை ஒதுக்கும் ஒரு சுவர் எழுவது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

ஐந்து பேட்ஸ்மேன்கள், ஒரு கீப்பர், பேட்டும் பந்தும் அறிந்த சோபர்ஸ், நான்கு பந்துவீச்சாளர்கள் என்று பிரித்துக்கொண்டு, பெயர்களை அதன் பிறகு விவாதிக்கலாம். ஓவியர் வேலையைத் தொடங்கும் முன் வரும் ஞாயிறு காலை ஆட்டம் ஆரம்பிப்பதற்குள் கூடிப் பேச நேரம் ஒதுக்குங்கள். ஏழு மணிக்கே ஸ்கோரர் மேசையில் இருப்பேன். பழைய புத்தகங்களையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைதானத்து ஸ்கோரர்,
சேலம்.