இன்சுலினோடு ஸ்ட்ரிப்பும் கொடுங்கள்

அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு எதை இலவசமாகக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 67. நான்கு ஆண்டுகளாகக் காலையில் 20 யூனிட்டும் இரவில் 12 யூனிட்டும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அந்த இன்சுலினை நீங்கள் இலவசமாகத் தருகிறீர்கள். அதற்கு எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. ஆனால் ஊசி போடுமுன் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை நாங்கள் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஒன்று இருபது ரூபாய் ஆகிறது. இரண்டு வேளையும் பார்த்தால் மாதம் 1,200 ரூபாய். என் தையல் வருமானத்தில் அது கட்டுப்படியாகாததால், வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற நாள்களில் கண்ணை மூடிக்கொண்டு அதே அளவைப் போட்டு வந்தோம்.

சென்ற மாதம் ஓர் இரவு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. 12 யூனிட்டோ போட்டாயிற்று. இரண்டரை மணிக்கு உடுப்பெல்லாம் நனைய வியர்த்து, என்னைச் சித்தியின் பெயர் சொல்லி அழைத்தார். டப்பாவில் இரண்டே ஸ்ட்ரிப் இருந்தன. என் கை நடுங்கியதில் ரத்தம் போதாமல் முதல் ஸ்ட்ரிப் வீணாயிற்று. இரண்டாவது 48 காட்டியது. 70க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து மெல்லப் புகட்டினேன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பார்க்க ஸ்ட்ரிப் இல்லை. விடியும்வரை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும், "நான் யாரும்மா?" என்று கேட்பதுமாக உட்கார்ந்திருந்தேன். நன்றாகத் தெளிந்ததும் அம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "அந்த ஒண்ணு வீணாப்போச்சா?"

அந்த வாரம் மருந்து வாங்கப் போனபோது, குறிப்பேட்டில் பல நாள்கள் காலியாக இருப்பதைக் கண்டு, வீட்டில் பார்த்து எழுதாமல் எதை வைத்து அளவை மாற்றுவது என்று கடிந்துகொண்டார்கள். கேள்வி நியாயமானது. அப்படியானால் ஸ்ட்ரிப் கொடுங்கள் என்றேன். அது இங்கே கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. எழுதாததற்கு ஏச்சு வாங்க நாங்கள், எழுதுவதற்கான வழியைத் தர யாருமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்று மாதச் சராசரிக்கான ரத்தப் பரிசோதனை செய்கிறோமே என்று சொல்லக்கூடும். சராசரி அவசியம்தான், ஆனால் நேற்று இரவு 48க்கு இறங்கியதை அது காட்டாது. எங்கள் தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு டப்பா வாங்கிப் பங்கிட்டும் பார்த்தோம். டப்பாவை விட்டு வெளியே எடுத்த ஸ்ட்ரிப் சென்னையின் ஈரக் காற்றில் கெட்டுப்போகும் என்பதும், அதன் அளவீட்டை நம்ப முடியாது என்பதும் பிறகுதான் தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட இன்றியமையாத சோதனைகளின் முதல் பட்டியலிலேயே ரத்தச் சர்க்கரைச் சோதனை இருக்கிறது. இன்சுலின் போடும் வீட்டில் அது எப்படிக் கூடுதல் வசதியாகும்?

நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வடசென்னையில் எங்கள் தெருவில் நடைபாதையே இல்லை, மழை பெய்தால் சாக்கடை முழங்கால்வரை வருகிறது. காலில் புண் வந்தால் ஆறாது என்று அஞ்சும் ஒருவர் அங்கே எப்படி நடப்பார்? இது உங்கள் துறை சார்ந்ததல்ல என்பதை அறிவேன். மனம் பொறுக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

நான் கேட்பது ஒன்றுதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் தொடங்கியதிலிருந்து மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இவ்வளவு செய்ய முடிந்த அரசால் இதையும் செய்ய முடியும். இன்சுலின் போடும் ஒவ்வொருவருக்கும் மாதம் முப்பது ஸ்ட்ரிப்பாவது, இன்சுலின் குப்பியோடு சேர்த்தே, பிரிக்காத டப்பாவில் கொடுக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு தாயின் மகள்,
வியாசர்பாடி, சென்னை.