வேட்டை விருந்துக்கு எங்களை அழைத்துச் சென்றவர்களுக்கு

தேவாலயக் கூடத்தில் அன்று சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், எங்களை வற்புறுத்தி அழைத்துச் சென்ற நம் தமிழ் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் ஒரு நன்றி அட்டை ஏற்கெனவே அனுப்பிவிட்டோம். அட்டையில் நான்கு வரிக்குமேல் இடமில்லை. எனக்கோ சொல்ல நிறைய இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

வெளியூரில் இருக்கும் நம்மவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், வெர்னன் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) மலைச்சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் சிற்றூர். நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கி மான்வேட்டை நடக்கும். அந்த நாட்களில் ஊரில் பாதிப் பேர் ஆரஞ்சு நிறச் சட்டையில்தான் திரிவார்கள். பிப்ரவரி வந்ததும் வீட்டு உறைபெட்டிகளில் மிச்சமிருப்பதையெல்லாம் எடுத்துவந்து, தேவாலயக் கூடத்தில் ஊருக்கே விருந்து வைப்பார்கள். காட்டில் சுட்ட மானை விற்பது இங்கே குற்றம். கடையில் கிடைக்கும் மானிறைச்சி பண்ணையில் வளர்த்தது, பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து கப்பலில் வருவது. ஆகவே அன்று மேசையில் இருந்த எந்தத் தட்டையும் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குளிரில் மரத்தின்மேல் காத்திருந்து கொண்டுவந்து, கொடுக்கவும் மனம் வந்து கொடுத்தது.

கரடிக் கறி கொடுத்தவருக்கு முதல் நன்றி. கரடி வேட்டைக்கான அனுமதிச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். பல பகுதிகளில் அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்துக் கிடைத்ததை முகம் தெரியாத எங்களுக்கும் பங்கு வைத்தார். கரடி இறைச்சியில் ஒரு வகைப் புழு இருக்கக்கூடும், உறைய வைத்தாலும் அது சாகும் என்று நம்ப முடியாது என்பதால், நடுப்பகுதியில் 71 டிகிரி செல்சியஸ் காட்டும்வரை வெப்பமானியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஊற்றிய சாற்றில் இனிப்பு தூக்கல் என்பது என் கருத்து. கறி என்னவோ பஞ்சாக வெந்திருந்தது.

மான் வறுவலும் தொத்திறைச்சியும் கொண்டுவந்த சகோதரர்களுக்கு என் அப்பாவின் சார்பில் தனி நன்றி. சிவகங்கைப் பக்கத்து மனிதர் அவர். நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன் ஊரோடு முயல் வேட்டைக்குப் போனவர். கூடத்துக்குள் நுழைந்ததும் என் காதருகே குனிந்து, "அம்மாடி, போலீஸ் வராதா?" என்று கேட்டார். அந்தச் சகோதரர்களில் மூத்தவர் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். இந்த மாநிலத்து மான்களில் 2002இல் ஒரு மூளை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு அது தொற்றியதாக இதுவரை சான்று இல்லை. இருந்தாலும் சுட்ட மானின் தலையை அரசின் சோதனைக்குக் கொடுத்து, நோயில்லை என்று முடிவு வரும்வரை இறைச்சியைத் தொடாமல் தனியே வைத்திருந்தார்களாம். முடிவுத் தாளையே சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படித்துப் புரிந்தவர்போலத் தலையை ஆட்டினார். பிறகு தட்டை நீட்டினார், நீட்டிக்கொண்டே இருந்தார்.

காட்டுக்கோழி வகைகள் வைத்த மேசையில், "மெதுவாகக் கடியுங்கள், துப்பாக்கிக் குண்டு இருக்கலாம்" என்று எழுதி ஒட்டியிருந்த அம்மையாரையும் சொல்லியாக வேண்டும். அப்பாவின் பல்செட்டைக் காப்பாற்றியது அந்தச் சீட்டுதான். கடுகளவு ஈயக் குண்டு ஒன்று அகப்பட்டது. தட்டின் ஓரத்தில் வைத்து வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார். அதே மேசையில் காட்டு வான்கோழியைப் பற்றிய சேதியும் கிடைத்தது. இந்த மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே அது அற்றுப்போய்விட்டதாம். 1976இல் மிசௌரி மாநிலத்துக்குக் காட்டுக் கௌதாரிகளைக் கொடுத்து, பதிலுக்கு வான்கோழிகளை வாங்கி, எங்கள் வெர்னன் கவுண்டியில்தான் முதலில் விட்டார்கள். பண்டமாற்று! என் மகள் அதை வீட்டுக்கு வரும் ஒருவரிடமும் சொல்லாமல் விடுவதில்லை.

இனி என் மாமியார். முட்டை வாசம்கூட ஆகாத சைவம். அவரை அங்கே அழைத்துப் போகலாமா என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. "எல்லோரும் போகும்போது நான் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு அவரே முதலில் காரில் ஏறினார். இதை யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது, சமையற்கட்டில் அவருக்கென்று ஒரு புதிய பாத்திரம் இருந்தது. இறைச்சிச் சாறு சேர்க்காமல் தண்ணீரிலேயே வெந்த காட்டரிசி, தனிக் கரண்டி, மேலே மூடிய துணி. வடக்கே ஏரிகளில் ஓஜிப்வே பழங்குடியினர் அறுவடை செய்யும் அரிசி அது. படகில் ஒருவர் கழியூன்றித் தள்ள, மற்றவர் கதிர்த் தண்டை வளைத்து இரண்டு குச்சிகளால் தட்டி மணியைப் படகுக்குள் உதிர்ப்பார். கறுத்து நீண்ட மணி, வெந்ததும் வெடித்து உள்ளே வெள்ளை தெரிந்தது. அத்தை ஒரு வாய் போட்டு மென்றார். "உப்பு போதாது. ஆனால் இதற்குத் தயிர் நன்றாகச் சேரும்" என்றார். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாராட்டு என்பது புரியும். அந்தப் பாத்திரத்தைத் தனியே வைத்தவர் யாரென்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. யாராக இருந்தாலும், அம்மா, உங்களுக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

வாகன நிறுத்தத்தில் பனியை வெட்டிக் குவித்து, அப்பாவும் அத்தையும் வழுக்கி விழாமல் இரு பக்கமும் கைபிடித்து வந்த உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. முயல் குழம்பு எங்கள் முறை வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அதில் வருத்தம் உண்டு, புகார் இல்லை.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விருந்துக்கு மான் சுக்கா செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பின்னந்தொடை ஒன்று தருவதாக மான் கொண்டுவந்த சகோதரர்களில் மூத்தவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மசாலா நாங்கள் அரைத்துக்கொள்கிறோம். பாத்திரம் கழுவத்தான் அங்கே ஆள் போதவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் பெயர் கொடுத்தாயிற்று. வர விரும்புகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள், பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.