'பிரிபென்ஸ்' முன்விரோதம் அல்ல

சட்ட நூல்களைத் தமிழாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் கொலைச் சட்டத்தில் 'மாலிஸ் பிரிபென்ஸ்' (மாலிஸ் என்றால் வன்மம்) என்றொரு பழந்தொடர் வரும். 'மாலிஸ் அஃபோர்தாட்' என்பதும் அதுவேதான். இதைத் தமிழில் எழுதப் போனால் கை தானாக 'முன்விரோதம்' என்றுதான் எழுதும். தினமும் செய்தித்தாளில் படிக்கிற சொல் அல்லவா! தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

பிரிபென்ஸின் வேர் பழைய பிரெஞ்சு. யோசித்து வைத்தது என்று பொருள். பெயருக்குப் பின்னால் அடைமொழி நிற்பதும் பிரெஞ்சுப் பழக்கமே. தமிழ்க் காதுக்கு அது தலைகீழ்தான். 1390-இல் இரண்டாம் ரிச்சர்டின் சட்டம், பதுங்கியிருந்தோ முன்யோசித்த வன்மத்தோடோ செய்த கொலைக்கு மன்னிப்பு வேண்டுமானால் மன்னிப்பு ஆவணத்தில் அந்தக் குற்றத்தை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்றது. அன்று சொல்லுக்கேற்ற பொருள் இருந்தது.

அப்புறம் நீதிமன்றங்கள் சொல்லை வைத்துக்கொண்டு பொருளைக் காலி செய்துவிட்டன. 1957-இல் விக்கர்ஸ் வழக்கு. திருடுவதற்காகக் கடையின் நிலவறைக்குள் நுழைந்தவன், தன்னைப் பார்த்துவிட்ட மூதாட்டியை அடித்தான், அவர் இறந்துபோனார். கொல்லும் திட்டம் இருந்ததா என்று பார்க்கத் தேவையில்லை, கொடுங்காயம் விளைவிக்கும் உட்கருத்து, அதாவது நோக்கம், இருந்தாலே போதும், அது மாலிஸ் அஃபோர்தாட்தான் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். நோயில் துடிக்கும் மனைவியைப் பார்க்கப் பொறுக்காமல் கொன்றுவிடும் கணவனையும் எண்ணிப் பாருங்கள். அவனுக்கு அவள்மேல் என்ன விரோதம்? அவனும் இந்தத் தொடருக்குள் அகப்படுவான்.

நம் பக்கம் வருவோம். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் கொலையை வரையறுக்கும்போது இந்தத் தொடரைத் தொடவே இல்லை. உட்கருத்து, அறிவு என்றே பேசியது. ஆனால் 300-ஆம் பிரிவின் நான்காம் விலக்கில், திடீர்ச் சண்டையில் 'முன்திட்டம் இல்லாமல்' நேர்ந்த மரணம் என்று வருகிறது. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவில் இருக்கிறது. இங்கே முன்திட்டம் என்றால் மெய்யாகவே முன்திட்டம். முன்விரோதமோ மூன்றாவது சங்கதி: கொலைக்குக் காரணம் என்ன என்பதற்கான பதில். பத்து வருட வாய்க்கால் தகராறு இருந்தும் திட்டமே போடாதவன் உண்டு.

ஆகவே, இன்றைய இங்கிலாந்து வழக்குகளில் அந்தத் தொடர் வந்தால் 'கொலைக்குரிய உட்கருத்து' என்று எழுதுங்கள். ரிச்சர்ட் காலத்துப் பக்கங்களில் 'முன்யோசித்த வன்மம்' பொருந்தும். முன்திட்டத்தை 101-ஆம் பிரிவுக்கு விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மொழிபெயர்ப்புகளைப் படிக்கும் ஒருவன்