கைகொடுத்தவர்களுக்கு ஒரு முன்னாள் சேப்பரின் நன்றி மடல்

எங்கள் ஊர் மக்களுக்கும், வெளியூரில் இருந்தபடியே எனக்குத் துணை நின்றவர்களுக்கும் வணக்கம்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு, நான் தலைவராக இருந்த ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. பதிவேடுகளையும் சாவிகளையும் தனி அலுவலரிடம் ஒப்படைத்தாகிவிட்டது. தலைவர் நாற்காலியில் இருந்துகொண்டு நன்றி சொன்னால் அடுத்த ஓட்டுக்காகப் பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

முதல் நன்றி, கார்கில் போரின்போது 1999 ஜூலையில் திராஸ் மலையில் இருந்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களுக்கு. நான் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சேப்பர்ஸைச் சேர்ந்தவன். காலாட்படை ஏறிப் போகும் பாதையில் கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பது எங்கள் வேலை. ஒரு வெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பகலில் இறங்கினால் மேலே இருக்கும் எதிரிக்குத் தெரியும். அதனால் இருட்டும்வரை காத்திருந்து, டார்ச் அடிக்காமல், காற்றே போதாத அந்த உயரத்தில் என்னை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். ஒருவர் மதுரைக்காரர், ஒருவர் பாலக்காடு, மற்ற இருவர் ஆந்திரா. அப்புறம் ஹெலிகாப்டரில் ஸ்ரீநகர் 92 பேஸ் ஆஸ்பத்திரி. அண்ணன்மார்களே, நீங்கள் அன்று அவ்வளவு சிரமப்படாவிட்டால் இந்தக் கடிதமே இல்லை. அதே போரில், மே 29ஆம் தேதி, பட்டாலிக் பகுதியில் உயிரைக் கொடுத்தார் திருச்சிக்காரரான மேஜர் சரவணன். அவரைப் போல வீடு திரும்பாதவர்களை நினைக்காமல் என்னால் என் காயத்தைப் பற்றிப் பேச முடியாது.

அங்கிருந்து புனே செயற்கைக் கால் மையம். இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களுக்காக 1944இல் தொடங்கிய இடம் அது. வெட்டிய கால் முனையில் வீக்கம் வற்றி ஒரு வடிவத்துக்கு வரும்வரை தினமும் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவார்கள். அதன் பிறகுதான் அளவெடுத்துக் கால் செய்வார்கள். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடை பழக வேண்டும். அங்கே எனக்குக் கால் செய்து கொடுத்த டெக்னீசியனுக்கும் ஒரு கால் கிடையாது. எனக்கு ஆறுதல் சொல்ல அவர் நேரம் செலவழித்ததே இல்லை. பேண்டேஜ் சுற்றப் பழக்கினார், பழகியதும் பக்கத்துக் கட்டிலில் புதிதாக வந்த பையனுக்குச் சுற்றிவிடச் சொன்னார். நான் இன்னொருவருக்கு உதவிய முதல் நாள் அதுதான். அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

ஊருக்கு வந்த பிறகு சில வருடங்கள் திண்ணையிலேயே கழிந்தன. பார்க்கிறவர்கள் எல்லோரும் “பாவம்” என்றார்கள். அன்பில்தான் சொன்னார்கள், எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் திருவண்ணாமலையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போயிருந்தபோது அங்கே சந்தித்த ஓய்வுபெற்ற ஹவில்தார் கிளார்க் ஒருவர் அப்படிச் சொல்லவில்லை. “உனக்கு இங்கிலீஷ், ஹிந்தி இரண்டும் படிக்க வருதே. சும்மா இருக்காதே, இந்த அம்மாவோட பேப்பரைப் பாரு” என்று ஒரு கட்டைக் கையில் கொடுத்தார்.

அந்த அம்மாவின் கணவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாக இருந்து இறந்தவர். பட்டாளப் பதிவில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு எழுத்து, வயதும் ஒத்து வரவில்லை. குடும்ப ஓய்வூதியம் அதனால் நின்றிருந்தது. சிப்பாய் வாயால் சொன்னதை எந்தக் காலத்திலோ யாரோ எழுதி வைத்த பதிவு அது. திருத்த வேண்டுமென்றால் குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் உள்ள ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும், உறுதிமொழிப் பத்திரம் வேண்டும், ஊர் ஆவணங்கள் வேண்டும். பென்ஷன் வந்த அன்று அந்தப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு படி மல்லாட்டையோடு (நிலக்கடலை) வந்தார். அதற்குப் பிறகு திண்ணையில் நான் தனியாக உட்கார நேரமே இருக்கவில்லை. பட்டாளத்துப் பென்ஷன் மனு முதியோர் உதவித்தொகை மனுவானது, பட்டா மாறுதல் ஆனது, ஊனமுற்றோர் அடையாள அட்டை ஆனது. ஹவில்தார் சார் இன்று இல்லை. அவர் குடும்பத்தார் இதைப் படித்தால் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2019 டிசம்பர் தேர்தலில் நிற்கச் சொன்னது மனு எழுத வந்த பெண்கள்தான். ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் துணிந்து நின்றேன். இளஞ்சிவப்புச் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்ட ஒவ்வொரு கைக்கும் நன்றி. எனக்குப் போடாதவர்களுக்கும் நன்றி. எதிர்த்து நின்ற அண்ணன், முடிவு வந்த மறுநாளே வீட்டுக்கு வந்து வடக்குத் தெரு குடிநீர் பைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி, அதைத்தான் முதலில் செய்தோம்.

பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை, கொரோனா வந்தது. அந்த நாட்களில் முகக்கவசத்தோடு தெருத் தெருவாகப் போன தூய்மைக் காவலர் அக்காமார்களும், ஒரு நாள்கூட மோட்டாரை நிறுத்தாத டேங்க் ஆபரேட்டர் தம்பியும் இல்லாமல் தலைவர் என்று ஒருவர் இருந்து என்ன பயன்? செக்கில் என்னோடு கையெழுத்துப் போட்ட துணைத் தலைவர், பதிவேட்டை என்றும் ஒழுங்காக வைத்திருந்த ஊராட்சிச் செயலர், இவர்களை ஊரே அறியும்.

எங்கள் கொத்தனாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரேஷன் கடைத் தரை தெருவைவிட 2 அடி உயரம். சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் 24 அடி, அங்கே இருந்ததோ அதில் பாதி இடம். பல ஊர்களில் இருக்கும் இடத்துக்குள் செங்குத்தாக ஒன்றைக் கட்டி, கணக்கில் காட்டிவிடுவார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது, செயற்கைக் கால் வைத்திருப்பவர் இறங்கினால் விழுவார். எனக்கு அது கோபம் வரவைக்கும் விஷயம். கொத்தனார் ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து யோசித்தார். பாதி ஏறியதும் ஒரு மேடை, அங்கிருந்து சுவரோரமாகத் திரும்பி மீதி ஏற்றம் என்று கட்டினார். ஈரத்தில் வழுக்காமல் தரையில் கோடு கிழித்தார், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார். போலியோவில் கால் பாதித்த ஒரு தங்கை, அதற்கு முன் படிக்குக் கீழே நின்று யாரையாவது கூப்பிட்டு அரிசி வாங்கியவள், இப்போது தானே போய் எடை சரியா என்று பார்த்து வாங்குகிறாள்.

மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினர்களாக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. அதற்காகப் பல வருடம் தெருவில் நின்று போராடிய சங்கங்களுக்கும் என் நன்றி. அந்தத் தங்கையை மன்றத்தில் பார்க்க எனக்கு ஆசை, அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

என் மனைவிக்குச் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே சொல்லிவிட்டேன். ஊரறிய எழுதுவது அவளுக்குப் பிடிக்காது.

மனு எழுதும் வேலை நிற்கவில்லை. பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள் நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும், மறக்காதீர்கள். ஆதாரும் பென்ஷன் ஆணை நகலும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வாருங்கள். படி ஏற முடியாதவர்கள் ஆளனுப்பினால் போதும், நானே வீட்டுக்கு வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் முன்னாள் ஊராட்சித் தலைவர்,
திருவண்ணாமலை மாவட்டம்